முதற்பதிப்புகளின் சாட்சியம்

ஒரு கவிதை நூலை அறிவதற்கு அக்கவிதைகளைப் படித்தாலே போதும் என்பார் உளர். சுவைப்பதற்கு அது போதும். ஆயின் அந்நூல் எவ்வாறு நம் கைக்கு வந்தது, யாருடைய பொருள் அதில் செலவாயிற்று, யார் ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தனர், யார் விற்றனர் என்று வினவத் தொடங்கிய அளவிலேயே நூலின் பாடம் வாய் மூடிக்கொள்கிறது. அவ்வினாக்களுக்கு விடை தருவன பெயர்ப்பக்கமும் முகவுரையும் சாற்றுகவிகளும் கையொப்பக்காரர் பெயர்வரிசையும் பிழைதிருத்தப் பட்டியலும் பின்னட்டை விளம்பரமுமே ஆகும். மறுபதிப்பு வெளியிடுவோர் தாளை மிச்சப்படுத்த எண்ணும்போது முதலில் கழித்துவிடுவனவும் இவைதாம். நூலகங்களில் பழைய நூல்களுக்குப் புதிய கட்டடம் போடும்போது மேலட்டையைக் கிழித்தெறிந்துவிடுவதும் நாம் கண்ட வழக்கமே. முதற்பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பதைப் பழம்பொருள் ஆசை என்று சிலர் எள்ளுவதுண்டு. கழித்தும் கிழித்தும் போட்ட அப்பக்கங்களில்தான் நூலின் வாழ்க்கை வரலாறு இருக்கிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதற்பதிப்பு ஒரு சாட்சி என்றால், பதிப்பாளர்கள் பிற்காலத்தில் எழுதிவைத்த வாழ்க்கை நினைவுகள் இரண்டாவது சாட்சி. முன்னது நிகழ்ச்சியின் சூட்டிலேயே எழுதப்பட்டது. கடன்பட்டவர், உதவியவர், பகைத்தவர் அனைவரும் உயிரோடிருந்த காலத்தில் அச்சானது. பின்னது பல்லாண்டு கழித்து, வெற்றி உறுதியான பிறகு எழுதப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றால் மற்றொன்றைக் குறுக்கு விசாரணை செய்தே தமிழ்ப் பதிப்பு வரலாற்றை எழுதவேண்டும். அவ்விரண்டிலும் இடம்பெறாது போனவர்களுக்கு எங்கே சாட்சி தேடுவது என்ற வினாவும் உடன் எழுகிறது. செஞ்சி வட்டாரத்தில் வாழும் நமக்கு அவ்வினா மிக அண்மையானது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'பதிப்பு' என்னும் சொல்லை ஏட்டை ஒப்பிட்டுப் பாடம் கண்ட புலமைக்கும், எழுத்துக் கோத்து அச்சிட்ட தொழிலுக்கும், முதல் போட்டு வெளியிட்ட வணிகத்துக்கும் ஒருசேர வழங்குகிறோம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய பெயர்ப்பக்கங்கள் இவ்வகையில் நம்மினும் நுட்பமானவை. பரிசோதித்தவர் ஒருவர், பார்வையிட்டவர் ஒருவர், பொருளுதவி செய்தவர் ஒருவர், அச்சுக்கூடத்தார் ஒருவர் என்று நான்கு பெயர்கள் ஒரே பக்கத்தில் நிற்கும். அந்நான்கு பெயர்களுக்குள் நிலவிய உறவையும் உரசலையும் அறிவதே முதற்பதிப்பைப் படிப்பதன் முதற்பயன்.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே உடையது. அதன் படி ஒன்று அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. திருக்குறள் மூலமும் நாலடியார் மூலமும் 1812இல் சென்னையில் அச்சேறின. அதைப் பதிப்பித்தவர் தஞ்சை மலையப்ப பிள்ளை குமாரர் ஞானப்பிரகாசர். 1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுக்கூடம் நடத்துவதற்கு இருந்த தடைகளை நீக்கிய பின்னரே இந்நாட்டவர் பரவலாக அச்சுத் தொழிலில் இறங்கினர். வரலாற்றாளர்க்கு அதனினும் பயன்பட்டது 1867ஆம் ஆண்டின் 25ஆவது சட்டம். அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இருக்கவேண்டும், அரசுக்குப் படி அனுப்பவேண்டும் என்று அது விதித்தது. அவ்வாறு வந்த நூல்களுக்குக் காலாண்டுதோறும் பட்டியல் வெளியாயிற்று. ஆட்சியாளர் அதனைச் செய்தது தமிழின்மீது கொண்ட காதலால் அன்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர் இந்நாட்டவர் எதை அச்சிடுகின்றனர் என்று கண்காணிக்கவேண்டிய தேவை அவர்க்கு இருந்தது. ஒற்றறிய எழுதிய அப்பட்டியல் இன்று நமக்கு இலக்கிய வரலாற்று ஆவணமாகப் பயன்படுகிறது.

ஆண்டைக் கணிப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பல பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இராது; 'சர்வசித்து' என்றோ 'விஜய' என்றோ வருடப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அப்பெயர் திரும்ப வரும். விஜய என்பது 1893ஆம் ஆண்டாகவும் இருக்கலாம், 1953ஆகவும் இருக்கலாம். அச்செழுத்தின் வடிவம், தாளின் தன்மை, விலை அணாக் கணக்கில் உள்ளதா என்பது, அச்சுக்கூடத்தின் முகவரி ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்யவேண்டும்.

இனி 1887ஆம் ஆண்டுக்கு வருவோம். தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் அதைப் போன்று செறிந்த ஆண்டு மற்றொன்று இல்லை என்பது என் கருத்து. அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். அதே ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். ஒருவர் கும்பகோணம் கல்லூரியில் மாதம் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் 1880இல் பணியேற்ற தமிழாசிரியர். மற்றவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, சென்னையில் அரசுப் பணிபுரிந்து, சட்டம் பயின்று வழக்கறிஞராகக் கும்பகோணத்திலும் வாழ்ந்தவர். வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் பதிப்பித்து, வயதாலும் பதிப்புப் பணியாலும் ஐயருக்கு மூத்தவராய் விளங்கியவர்.

சிந்தாமணியின் கதை நம் வட்டத்தார் பலரும் அறிந்ததே. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டதும், அதனால் ஐயரின் வாழ்க்கை திசை மாறியதும் 'என் சரித்திரம்' வாயிலாகத் தமிழுலகம் முழுவதும் பரவிய செய்தி. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கி 122 இயல்கள் வெளிவந்தது. 1942 ஏப்பிரலில் ஐயர் மறைந்தமையால் நிறைவெய்தாது நின்று, 1950இல் நூலாயிற்று. சிந்தாமணி அச்சானதற்கும் அதன் கதை தொடராக வெளிவரத் தொடங்கியதற்கும் இடையே ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அவ்வளவு காலத்துக்குப் பின்னும் நாள், இடம், உடனிருந்தார் பெயர் ஆகியவற்றை அத்துணைத் துல்லியமாகக் கூறும் நினைவாற்றல் வியப்புக்குரியது. அவர் கடிதங்களையும் குறிப்புகளையும் பேணிவைத்த இயல்பே அதற்குப் பெருந்துணை செய்தது.

அந்நூலில் ஒரு பகுதி. தாமோதரம் பிள்ளை சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பி ஐயரிடம் கேட்கிறார். மூத்தவர், பதிப்புப் பணியில் பெயர் பெற்றவர், அன்புடையவர், மறுப்பது எளிதன்று. ஐயர் தடுமாறுகிறார், இறுதியில் தாமே பதிப்பிப்பது என்று உறுதிகொள்கிறார். படிப்போர் நெஞ்சம் ஐயர் பக்கமே நிற்கும். நிற்குமாறுதான் அது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் தாமோதரம் பிள்ளை 1901இலேயே காலமாகிவிட்டார். அவர் தன் வரலாறு எழுதவில்லை. மறுமொழி கூற அவர்க்கு வாய்ப்பும் இல்லை. இது ஒரு தரப்பார் விரிவான வாக்குமூலம் கொடுத்து, எதிர்த்தரப்பார் வராமலே தீர்ப்பான வழக்குப் போன்றது.

அவர் தரப்பை எங்கே கேட்பது? அவருடைய முதற்பதிப்புகளின் பதிப்புரைகளில்தான் கேட்கவேண்டும். ஏட்டைத் தொட்டால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் இதழ் ஒடிவதையும், எழுத்துகள் பூச்சிக்கு இரையாகி மறைவதையும் அவர் கலித்தொகைப் பதிப்புரையில் எழுதியிருக்கும் பகுதி தமிழ் உரைநடையின் உயர்ந்த பகுதிகளுள் ஒன்று. பிரதி தேடி எழுதிய ஊர்கள், கைப்பொருள் இழப்பு, குற்றம் காண்போர்க்கு விடை ஆகிய எல்லாவற்றையும் மறைவின்றி அங்கே வைக்கிறார். சிந்தாமணியை அவர் விரும்பியது புகழுக்காக மட்டும் அன்று. அழியும் ஏட்டை விரைந்து அச்சில் ஏற்றிவிட வேண்டும் என்ற பதற்றமே அவரைச் செலுத்திற்று என்பது அப்பதிப்புரைகளைத் தொடர்ச்சியாகப் படிப்பார்க்குத் தோன்றாமல் இராது. நல்ல வேளையாக அவை 1971இல் யாழ்ப்பாணத்தில் 'தாமோதரம்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. அவ்வாறு தொகுக்கப்படாமல் இருந்திருப்பின், முதற்பதிப்புகளைக் கண்ணால் கண்ட சிலருக்கன்றி ஏனையோர்க்கு அவர் குரல் கேட்டிராது. ஐயரைக் குறைகூறுவது என் நோக்கம் அன்று. சிந்தாமணி ஐயரிடம் இருந்ததே தமிழுக்கு நன்மையாயிற்று என்பதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும், ஒருவரைப் போற்ற மற்றவரை நிழலில் நிறுத்த வேண்டியதில்லை.

தம் நூலை அச்சில் காணும் பேறுகூடப் பெறாதவரும் உண்டு. நற்றிணைக்கு உரை கண்ட பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் 1914இல் மறைந்தார்; நூல் 1915இல் வெளிவந்தது. அவருக்கு நினைவு நூலும் இல்லை.

ஒன்றை இங்கே கூறாவிடில் சேகரிப்பார் மயக்கத்துக்கு நானும் உடந்தையாவேன். முதற்பதிப்பு என்பதாலேயே பாடம் சிறந்ததாகிவிடாது. சிந்தாமணியை ஐயரே 1907இலும் 1922இலும் புதிய பிரதிகளைக் கொண்டு திருத்திப் பதிப்பித்தார். மாணாக்கர்க்குப் பாடம் சொல்ல நான் எடுத்துச் செல்வது பிந்திய பதிப்பையே. பாடத்துக்குப் பிந்தியது, வரலாற்றுக்கு முந்தியது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, விலை மிகக் கொடுத்து முதற்பதிப்பை வாங்கிக் கண்ணாடிப் பேழையில் பூட்டிவைப்பவர் அதனைப் படிப்பவர் அல்லர்.

சிந்தாமணியை நம் வட்டாரத்தோடு பிணைக்கும் இழை ஒன்றும் உண்டு. சமணக் கொள்கைகள் விளங்காது இடர்ப்பட்ட காலத்தில் தமக்கு ஐயம் அகற்றியவர்களாகக் கும்பகோணம் சந்திரநாத செட்டியாரையும் வீடூர் அப்பாசாமி நயினாரையும் ஐயர் நன்றியோடு குறிப்பிடுகிறார். வீடூர் நம் விழுப்புரம் மாவட்டத்து ஊர். நீலகேசியை 1936இல் பதிப்பித்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரும் அவ்வூரோடு தொடர்புடையவரே. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் திருமடம் இன்றும் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு, 'ஐ' என்னும் எழுத்தின் பழைய வடிவைக் காட்டுவதாகக் கல்வெட்டறிஞர்களால் போற்றப்படுகிறது. சிந்தாமணிப் பதிப்பைக் காவிரிக்கரையின் சாதனையாகவே பேசிப் பழகிவிட்டோம். இப்பகுதிச் சமணர் வீடுகளில் வழிவழியாகப் படித்தும் விளக்கியும் வந்த மரபு இல்லையேல் அப்பதிப்பு அந்த வடிவில் வந்திராது. அதற்குச் சான்று நன்றியுரையில் நிற்கும் ஒரு பெயர். மறுபதிப்பில் அந்நன்றியுரையைக் கழித்துவிட்டால் நம் மாவட்டத்தின் பங்கும் கழிந்துவிடும்.

கவிஞர்கள் மிக்க இவ்வட்டத்தில் பாரதியைப் பேசாது அப்பாற் செல்வது முறையன்று. 1907இல் அவருடைய பாடல்கள் சிலவற்றைச் சிறு வெளியீடாக அச்சிட்டு இலவசமாக வழங்கியவர், அரசியலில் அவர்க்கு எதிரணியில் நின்ற மிதவாதி வி. கிருஷ்ணசாமி ஐயர். 'ஸ்வதேச கீதங்கள்' 1908இல் நூலாயிற்று. புதுச்சேரியில் பாரதி வாழ்ந்த காலத்திலேயே, 1917இல் கண்ணன் பாட்டைச் சென்னையில் வெளியிட்டவர் பரலி சு. நெல்லையப்பர், 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு வ. வே. சு. ஐயர் முன்னுரை எழுதினார். 1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் கையெழுத்துப் படிகளை நாற்பது நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படி அச்சிடப்போவதாகவும், அதற்குக் கடன் தந்து உதவுமாறும் நண்பர்களைக் கேட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோல் அவை விற்கும் என்று நம்பினார். நாற்பது நூல், நான்கு இலட்சம் படி! மறு ஆண்டு அவர் மறைந்தார். முந்நூறு படி அச்சிட்டு நண்பர்க்கு வழங்கி எஞ்சியதைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நம் கவிஞர்கள் அச்சுற்றறிக்கையை ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும்.

அவர் மறைந்த மறு ஆண்டே, 1922இல், பாரதி ஆச்சிரமம் என்ற பெயரில் அவர் பாடல்களை வெளியிட முன்வந்தவர் செல்லம்மாள் பாரதி. தமிழ் மக்களை நோக்கி அவர் விடுத்த வேண்டுகோள் அவ்வெளியீட்டில் உண்டு. செல்லம்மாளைப் பாரதியின் துயருற்ற மனைவி என்று அறிவோர் பலர். பாரதியின் பதிப்பாளர் என்று நினைப்போர் எத்தனை பேர்? பாரதிதாசன் கவிதைகளின் முதல் தொகுதி 1938இல் வெளிவந்தபோதும் வெளியிட்டவர் ஒரு பெண்ணே: குஞ்சிதம் குருசாமி. பொருளுதவி செய்தவர் கடலூர் நாராயணசாமி நாயுடு. நம் பழைய தென்னார்க்காட்டுப் பணம் அந்நூலில் கலந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமிதம். வை. மு. கோதைநாயகி 1925இல் ஜகன்மோகினியை ஏற்று நடத்தி, பின்னர்ச் சொந்தமாக அச்சகமும் வைத்துக்கொண்டார். இம்மூவருடைய பதிப்புப் பணிக்கும் முதற்சான்று பெயர்ப்பக்கமே. பதிப்பாளர் நினைவு நூல்கள் என்று நாம் அலமாரியில் அடுக்கிவைத்திருப்பன ஏறத்தாழ அனைத்தும் ஆடவர் எழுதியவை. பெண் பதிப்பாளர்களின் வரலாற்றை எழுத வருபவர், நினைவு நூல்களை நம்பிப் பயனில்லை, முதற்பதிப்புகளையே புரட்டவேண்டும்.

அந்நினைவு நூல்களும் சுவையற்றவை அல்ல. தமிழ்ப்பண்ணை சின்ன அண்ணாமலையின் 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' என்ற நூலை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. 1942இல் திருவாடானைச் சிறையை மக்கள் உடைத்து அவரை வெளிக்கொணர்ந்த நிகழ்ச்சி ஒன்றுக்காகவே அதனைப் படிக்கலாம். ஆனால் ஒரு நூலுக்கு எத்தனை படி அச்சிட்டார், எழுத்தாளர்க்கு என்ன கொடுத்தார், எத்தனை படி தேங்கிற்று என்று கணக்குக் கேட்கச் சென்றால், அவர் நம்மை இராஜாஜியிடமும் கல்கியிடமும் அழைத்துச் சென்று சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார். பதிப்பாளர்க்குப் பெரியோர் நட்பு நினைவிருக்கும் அளவுக்குப் பேரேடு நினைவிருப்பதில்லை. அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், படி ஒப்புநோக்கியவர், தாள் மடித்து ஊசி போட்ட பெண்கள் ஆகியோர் பெயர் பெயர்ப்பக்கத்திலும் இல்லை, நினைவிலும் இல்லை.

இதற்கு மாறாகச் சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' தன் கணக்கைத் தானே வெளிப்படையாகப் பேசிய ஏடு. 1959 சனவரியில் தொடங்கி 119 இதழ்கள் வந்து 1970இல் நின்றது. இரண்டாயிரம் படிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டு தொடங்கிய இதழ் வேறு உண்டோ? 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட 'புதுக்குரல்கள்' 1962இல் எழுத்துப் பிரசுரமாக வந்தது. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற செய்தியைப் பலர் எழுதியுள்ளனர். புதுக்கவிதை எழுதும் இளையோர் அத்தொகுப்பின் பிற்காலப் பதிப்பைப் படித்திருப்பர். 1962ஆம் ஆண்டுப் படியைக் கையில் எடுத்துப் பார்த்தால், அந்த எளிய தாளும் எளிய கட்டும் அதை அச்சிட்டவர் கையிருப்பு எவ்வளவு என்பதையும் உடன் சொல்லும்.

இவற்றையெல்லாம் யார் சேர்த்துவைத்தனர்? பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். ஊர் ஊராகச் சென்று பழைய தாள் கடைகளிலும் அழிந்துவந்த வீட்டு நூலகங்களிலும் வாங்கிச் சேர்த்தார். நாங்கள் பட்டம் பெற்றவர்கள் இலக்கியம் என்று ஏற்காத பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீசு, திருமண அழைப்பு, கொலைச்சிந்து எல்லாம் அவர் சேகரிப்பில் இருந்தன. 1992இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இருந்தன. 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கிற்று. ஆனால் நூல்கள் கடல் கடக்காமல் சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. ஒரு தமிழ்ச் சேகரிப்பைக் காக்க அமெரிக்காவிலிருந்து பணம் வரவேண்டியிருந்தது என்பதை எண்ணி வெட்கப்படுவதா, காக்கப்பட்டதே என்று மகிழ்வதா என்பதை அன்பர்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறேன். புதுக்கோட்டை ஞானாலயாவைப் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் ஆசிரியப் பணியின் ஊதியத்தைக் கொண்டே உருவாக்கினர். முதற்பதிப்புகளைத் தேடுவோர் செல்லவேண்டிய இடங்களுள் அது தலையாயது. மறைமலையடிகளின் நூல்கள் 1958 முதல் அவர் பெயராலேயே சென்னையில் நூலகமாயின. மயிலை சீனி. வேங்கடசாமி 1962இல் வெளியிட்ட 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்' இத்துறையில் புகுவார்க்கு இன்றும் கைவிளக்கு.

முதற்பதிப்பு என்ற சொல்லே குழம்பும் ஒரு நிலை நம் அண்டையிலேயே உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பில் நம் செஞ்சிச் சீமையின் அரசியல் நிறைந்து கிடக்கிறது. புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய 1750ஆம் ஆண்டும் அதன் காலத்துள் அடங்கும். அந்நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் மூலத்தின் முதல் தொகுதி புதுச்சேரியில் அச்சானது 1948இல்தான். தமிழன் தமிழில் எழுதியது தமிழில் அச்சேறுமுன் ஆங்கிலத்தில் அரை நூற்றாண்டு உலவிற்று. தமிழில் முழுமையாகப் பன்னிரண்டு தொகுதிகளும் 2019இல் மு. இராசேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பில், வந்தவாசி அகநி வெளியீடாக வந்தன. வந்தவாசி நமக்குப் பக்கத்து ஊர், வெண்ணிலா கவிஞர். பதிப்புப் பணி சென்னையில்தான் இயலும் என்று சொல்வோர்க்கு வேறு மறுமொழி தேவையில்லை.

ஓலையைவிடத் தாள் நிலையானது என்று தாமோதரம் பிள்ளை காலத்தில் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்துவருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழால் தாள் செய்யும் முறை பரவிற்று. மை ஊறாதிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தனர். அதனால் தாளில் அமிலம் தங்கி, நாளடைவில் இழை அறுந்து, மஞ்சளாகிப் பழுப்பாகி, மடித்த இடத்தில் முறிகிறது. 1830இல் கந்தல் துணிக்கூழால் செய்த தாள் இன்றும் வளையும்போது, 1940இல் போர்க்காலத் தட்டுப்பாட்டில் அச்சான நூல் கையில் பொடியாகிறது. ஏட்டைப் பற்றி அவர் எழுதியதை இன்று அவருடைய முதற்பதிப்பைப் பற்றியே எழுதலாம். நம் கவிஞர்கள் கையிருப்புக்கு ஏற்பச் செய்தித்தாள் தரத் தாளில் அச்சிட்டுக்கொண்ட தொகுப்புகள் அதனினும் விரைவில் போகும்.

சட்டமும் கைகொடுப்பதாயில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் பிற இரு நூலகங்களுக்கும் நூற்படி அனுப்பவேண்டியது வெளியிடுவோர் கடமை. தவறினால் ஐம்பது ரூபாய் வரை தண்டமும் நூலின் விலையும். அத்தண்டத்துக்கு அஞ்சியவர் எவரையும் நான் கண்டதில்லை. 1867ஆம் ஆண்டுச் சட்டமோ 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தால் நீங்கிவிட்டது. புதிய சட்டம் பருவ இதழ்களுக்கே உரியது, நூல்கள் அதில் இல்லை. எனவே எங்கோ ஓர் அரசுப் பட்டியலில் நம் நூலின் பெயர் இருக்கும் என்று ஆறுதல் கொள்வதற்கும் இனி இடமில்லை. இவ்வட்டம் பத்தாண்டுகளில் வெளியிட்ட கவியரங்கத் துண்டு வெளியீடுகள், அழைப்பிதழ்கள், தட்டச்சுப் படிகள் ஆகியவற்றின் முழு அடுக்கு யாரேனும் ஒருவரிடம் இருக்கிறதா என்று செயற்குழுவினரை இம்மலர் வாயிலாகவே கேட்டுக்கொள்கிறேன். இருப்பின் இரண்டு படி, இரண்டு ஊர்களில், நாள் குறித்து வைக்கப்பட வேண்டும்.

இறுதியாக, முகவுரையும் இல்லாத, நினைவு நூலும் இல்லாத நூல்களைப் பற்றிச் சில சொற்கள். செஞ்சியைத் தமிழ்நாட்டு மக்கள் அறிந்தது 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியாரின் ஆங்கில வரலாற்று நூலால் அன்று, தேசிங்குராசன் கதையால். ஆர்க்காட்டு நவாபோடு பொருது 1714இல் மாண்ட அவ்விளைஞனின் கதை, இரத்தின நாயகர் அண்டு சன்சு முதலியோர் வெளியிட்ட 'பெரிய எழுத்து' நூல்களின் வழியே சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் விற்று, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க ஊரே கேட்டது. மணக்கோலத்தை விட்டுப் போருக்கு ஓடிவந்த இசுலாமிய நண்பனும், பாராசாரி, நீலவேணி என்ற குதிரைகளும் அவ்வாறே நம் நாவில் நின்றன. நீலாம்பூண்டியில் கல்லறையைக் காட்டுவோர் கூறும் செய்திகளுள் எவை ஊரின் பழைய வழக்கு, எவை அச்சு நூலிலிருந்து ஊருக்குத் திரும்பியவை என்பது நல்ல ஆய்வுப் பொருள். அதனை முடிவு செய்ய வேண்டுமானால் அந்நூலின் பல அச்சுகளை ஆண்டு வரிசையில் வைத்து ஒப்பிடவேண்டும். ஆனால் இந்நூல்களை 'முதற்பதிப்பு' என்று எவரும் தேடியதில்லை. படித்துக் கிழிந்தபின் மளிகைக் கடையில் பொட்டலமாயின. பல படிகளில் ஆண்டே இல்லை.

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கோட்டைகள் பிறவற்றோடு சேர்ந்து யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிற்று. கல்லுக்குக் காவல் கிடைத்தது, மகிழ்ச்சி. அனந்தபுரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும், தெருக்கூத்து வாத்தியார் வீடுகளிலும், மேல்சித்தாமூர்ப் பக்கத்துச் சமணர் வீடுகளிலும் பரண்மேல் இன்னும் பழைய நூல்கள் உண்டு. வீடு இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகின்றன. அட்டை இல்லாதது, ஆண்டு இல்லாதது, பாதி கிழிந்தது என்று ஒதுக்காமல், எந்த ஊரில் எந்த வீட்டில் கிடைத்தது என்ற குறிப்போடு அவற்றைப் பெற்றுவைக்கும் பணியை வட்டத்து இளையோர் மேற்கொண்டால், தேசிங்குராசன் கதையின் அச்சுகளை வரிசைப்படுத்தும் வேலையை என் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறேன்.